காலியாகக் கிடந்த பாலம்

மூன்று கோடைகளுக்கு முன்பு ஜப்பானில் ஒரு ஆற்றங்கரை வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, அப்போது ஐந்து வயதான மகள். ரயில் நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு பாலம். பாலம் தொடங்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே கயிறு பிடித்து ஏழெட்டுப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். எல்லோருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாலம் சுத்தமாகக் காலி. யாரோ தவறவிட்ட காகித விசிறி ஒன்று மட்டும் விளக்கு வெளிச்சத்தில் நடுப்பாலத்தில் கிடந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் சில ஆயிரம் பேர் வியர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தோம்.

"அப்பா, ஒன்னுக்கு வருது" என்றாள் மகள். கயிறு பிடித்திருந்த பையனிடம் போய் மெதுவாகத்தான் சொன்னேன். குனிந்து மன்னிப்புக் கேட்டான், இன்னும் கொஞ்ச நேரம் என்றான். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். அதற்குள் என் ஜப்பானிய மொழியின் மரியாதை விகுதிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தன. குழந்தையை மட்டும் விடுங்கள், பாலம் காலியாகத்தானே கிடக்கிறது என்றேன். அவன் மறுபடி குனிந்தான். அவன் மூக்கு நுனியில் ஒரு வியர்வைச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவன் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு வண்டியின் கூரைமேல் நின்ற இன்னொரு போலீஸ்காரர் மைக்கில் வானொலி அறிவிப்பாளர் போலப் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வாணம் அழகாக இருந்ததல்லவா, வீடு போய்ச் சேரும்வரை அந்த நினைவு கெடாமல் பார்த்துக்கொள்வோம் என்கிற மாதிரி. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு இறங்குவதற்குள் மகள் போட்டிருந்த யுகாதா, இங்கத்திய கோடை உடை, நனைந்துவிட்டது. ஈரத்தைவிட வெட்கத்தில்தான் அவள் அதிகம் அழுதாள்.

அந்தக் கோபம் ரொம்ப நாள் போகவில்லை. இங்கே இருபது வருடமாக இருக்கும் நண்பனிடம் மறுநாள் போனில் கொட்டினேன். "ஓரமா ஜன்னல்ல கம்பிவலை போட்ட பஸ் நின்னுச்சா?" என்று கேட்டான். நின்றது. "அப்ப அது கிடோத்தாய்டா. கலவரப் போலீஸ். அவன்கிட்ட போயா சண்டை போட்ட?" என்று சிரித்தான். கிடோ என்றால் விரைந்து நகர்வது, தாய் என்றால் படைப்பிரிவு. தமிழ்க் காதுக்குக் கடைசியில் ஒரு தாய் வந்து நிற்பதுபோல் இருக்கும். வாணவேடிக்கை பார்க்க வந்த குடும்பங்களைக் காவல் காக்கக் கலவரப் போலீஸ் எதற்கு? அந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது.

கப் நூடுல்ஸும் கருய்சாவாவும்

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தாத்தா தனியாக இருக்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது நின்று பேசுவார். கிடோத்தாய் என்று சொன்னதுமே அவர் முகத்தில் வந்தது பயமோ மரியாதையோ அல்ல, பசி. "கப் நூடுல்" என்றார்.

1972 பிப்ரவரி. நாகானோ மலைப்பகுதியில் கருய்சாவாவில் ஆசாமா மலைவிடுதி. ஐக்கிய செஞ்சேனை என்ற ஆயுதமேந்திய தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் விடுதிக் காவலரின் மனைவியைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு துப்பாக்கிகளோடு உள்ளே இருந்தார்கள். வெளியே பனியில் கிடோத்தாய். மைனஸ் 15 டிகிரிக் குளிரில் அவர்களுக்கு வந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் கல்லாய் உறைந்துபோயின. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் 100 யென் விலையில் கப் நூடுல்ஸ் கடைக்கு வந்திருந்தது. பாக்கெட் நூடுல்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்த காலம். இதை யார் வாங்குவார் என்று மக்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பனியில் உட்கார்ந்து தலைக்கவசமும் கேடயமுமாக இருந்தவர்கள் ஆவி பறக்க ஒரு கோப்பையிலிருந்து உறிஞ்சிச் சாப்பிடுவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்புறம் கடைகளில் அது நிற்கவில்லை. தாத்தா அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். பிப்ரவரி 28, முற்றுகையின் பத்தாவது நாள், அவர் அம்மா இரவுச் சமையலையே மறந்துவிட்டாராம். மறந்தது அவர் மட்டுமல்ல. எல்லாச் சேனல்களையும் சேர்த்தால் அன்றைய நேரலையை உச்சத்தில் 89.7 சதவீத வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். இடிப்புக் குண்டு தொங்கும் கிரேன் ஒன்று சுவரை உடைத்தது, தண்ணீர் பீய்ச்சினார்கள், கடைசியில் 219 மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணை உயிரோடு மீட்டார்கள். ஐந்து பேரையும்கூட உயிரோடுதான் பிடித்தார்கள். ஆனால் போலீஸ் தரப்பில் இரண்டு அதிகாரிகளும், வெளியிலிருந்து வந்த ஒரு சாதாரண மனிதரும் சுடப்பட்டு இறந்தார்கள்.

தாத்தாவுக்கு கிடோத்தாய் என்றால் அந்தப் பனியும் ஆவியும்தான். அவருடைய அண்ணனுக்கு அப்படி இல்லையாம். அண்ணன் அதற்கு மூன்று வருடம் முன்பு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1969 ஜனவரி 18, 19 தேதிகளில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா அரங்கத்தை மாணவர்களிடமிருந்து மீட்க 8,500 போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை, ஹெலிகாப்டர், தண்ணீர்ப் பீரங்கி. மேலிருந்து கல்லும் பெட்ரோல் குண்டும். அந்த வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே நடக்கவில்லை. "அண்ணன் கடைசிவரை கப் நூடுல் சாப்பிடவே இல்லை" என்றார் தாத்தா. சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் செடியைப் பார்த்தேன்.

இந்தப் படைக்கு அடிபட்ட இடத்தில் எல்லாம் புதிதாக ஒரு கை முளைக்கும் போலிருக்கிறது. 1977-இல் ஜப்பானிய விமானம் ஒன்றைத் தீவிரவாதிகள் கடத்தி டாக்காவில் இறக்கினார்கள். அரசாங்கம் 60 லட்சம் டாலர் கொடுத்து, சிறையில் இருந்தவர்களையும் விடுவித்து, உலகத்தின் ஏச்சை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அதிரடித் தாக்குதல் அணி ஒன்றைச் சத்தமில்லாமல் உருவாக்கினார்கள். அப்படி ஒன்று இருப்பதையே வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, 1996-இல்தான் சாட் என்ற பெயரோடு வெளிப்படையாக்கினார்கள். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயு. இரண்டே நாளில், அதைச் செய்த ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவின் இடங்களுக்குள் சோதனைக்குப் போன கிடோத்தாய்க்காரர்கள் கையில் கூண்டுக்குள் கேனரிக் குருவியை ஏந்திக்கொண்டு நடந்தார்கள். விஷவாயு இருந்தால் குருவி முதலில் விழும். முகமூடி போட்ட ஒரு முரட்டு ஆள் முன்னால் நீட்டிப் பிடித்த கையில் மஞ்சள் குருவி. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்றே சந்தேகம் வந்துவிடும். ரசாயனத் தாக்குதலுக்கென்று கருவியும் ஆளுமாகத் தனிப் பிரிவுகள் வந்தது அதற்கப்புறம்தான். 2011-இல் ஃபுகுஷிமா மூன்றாவது உலையின்மேல் தண்ணீர் அடிக்கப் போன வண்டிகளில் ஒன்று டோக்கியோ கிடோத்தாயின் பீய்ச்சு வண்டி. கூட்டத்தைக் கலைக்க வாங்கிய வண்டி அணு உலையின் முன்னால் போய் நின்றது.

சரி, இதெல்லாம் நெருக்கடி. வாணவேடிக்கை என்ன நெருக்கடி?

மைக் பிடித்தவர்

வண்டிக் கூரையில் நின்று பேசுகிறவர்களுக்கு இங்கே டீஜே போலீஸ் என்று செல்லப்பெயர். 2013 ஜூன் 4-ஆம் தேதி இரவில் வந்த பெயர் அது. ஆஸ்திரேலியாவோடு 1-1 என்று சமன் செய்து ஜப்பான் உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது. இளைஞர்கள் ஷிபுயா நாற்சந்தியில் குவிந்தார்கள். இருபதுகளில் இருந்த ஒரு கிடோத்தாய்க்காரர் மைக்கைப் பிடித்தார். உங்கள் முன்னால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நிற்கும் இந்தப் போலீஸ்காரர்களும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்றார். நீங்கள்தான் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர், ஆட்டக்காரர் விதியை மீறலாமா என்றார். கூட்டம் அவரையே வாழ்த்திக் கோஷம் போட்டது. பிறகு டோக்கியோ காவல்துறைத் தலைவரின் விருதும் அவருக்குக் கிடைத்தது.

இங்கு வந்த புதிதில் இந்தக் கதையை யார் சொன்னாலும் ரசித்துக் கேட்பேன். நான் வளர்ந்த ஊரில் தேர்க் கூட்டத்துக்குப் போலீஸ் பேசும் மொழி விசிலும் லத்தியும்தான். ஆனால் அந்தக் கயிற்று இரவுக்குப் பிறகு கதை புளித்துவிட்டது. யசுதா அரங்கத்தில் கேடயம் பிடித்த அதே படை இப்போது தேன் தடவிப் பேசுகிறது, அவ்வளவுதானே? கேடயமாக இருந்தால் எதிர்த்துத் தள்ளலாம். சிரிக்கவைக்கிறவனை என்ன செய்வது? தடுப்பது அப்படியே இருக்கிறது, தடுப்பவனின் குரல் மட்டும் இனிப்பாகிவிட்டது. இப்படி ஒரு பதிவைப் பாதி எழுதியும் வைத்திருந்தேன். போன வாரம் எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பிரசுரிக்காததில் கொஞ்சம் வருத்தம்கூட. ஆனால் அதை எழுதியபோது எனக்கு அகாஷியைப் பற்றித் தெரியாது.

நூறு மீட்டர்

ஹ்யோகோ மாகாணத்தில் கோபேக்குப் பக்கத்தில் கடலோர நகரம் அகாஷி. அசாகிரி ரயில் நிலையத்திலிருந்து ஓகுரா கடற்கரைக்குப் போக ஒரு நடைபாலம் இருக்கிறது. சுமார் 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். இருபுறமும் ஒளி ஊடுருவும் தகடு அடைத்து, மேலேயும் மூடியது. கடற்கரை முனையில் பாலம் நேராக இறங்காது. படிக்கட்டு திரும்பிக் கீழே போகும், அகலமும் பாதியாகிவிடும்.

2001 ஜூலை 21. நகரத்தின் கோடைத் திருவிழா வாணவேடிக்கை. கடற்கரைக்குப் போகிறவர்கள் பாலத்தில் ஏறுகிறார்கள். பாலத்தின் முனை வாணம் பார்க்க வாகான இடம், அதனால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கீழே படி இறங்கும் இடத்தில் வரிசையாகக் கடைகள், அங்கேயும் நகர முடியாத கூட்டம். எட்டரை மணிக்கு வாணம் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத் திரும்பப் படியேறினார்கள். நிலையத்திலிருந்து இன்னமும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மூடிய பாலத்துக்குள் வெப்பம். ஒரு சதுர மீட்டரில் 13 பேருக்கு மேல். கொஞ்ச நேரத்தில் முனைக்குப் பக்கத்தில் கூட்டம் அப்படியே சரிந்தது. 11 பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் பத்து வயதுகூட ஆகாத குழந்தைகள், இரண்டு பேர் எழுபதைத் தாண்டிய மூதாட்டிகள். 247 பேருக்குக் காயம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாருக்கும் யார்மீதும் கோபம் இல்லை.

இதுவரை வாசித்தபோது மனம் கனத்தது, அவ்வளவுதான். என்னை உட்காரவைத்தது அதற்கடுத்த விஷயம். அன்று போலீஸ் குறைவாக இல்லை. மோட்டார் பைக்கில் கூட்டமாக அலறிக்கொண்டு திரியும் போசோசோக்கு கும்பல்கள் திருவிழாக்களில் வந்து கலாட்டா செய்துகொண்டிருந்த காலம். அவர்களைச் சமாளிக்க 292 பேரை நிறுத்தியிருந்தார்கள். கூட்ட நெரிசலைக் கவனிக்க ஒதுக்கியது 36 பேர். பாதுகாப்புத் திட்டமோ, அதற்கு முன்பு நடந்த இன்னொரு நிகழ்ச்சியின் திட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே பார்த்து எழுதியது.

292-க்கு 36. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யசுதா அரங்கத்திலும் கருய்சாவாவிலும் அடிபட்ட ஒரு காவல்துறைக்குக் கூட்டம் என்றதும் கண் தானாகவே எங்கே போகும்? கல் வைத்திருக்கும் கையைத் தேடும். கலாட்டா செய்யப்போகிறவன் எங்கே என்று பார்க்கும். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வரும் குழந்தையைப் பார்க்காது. விபத்துக்குப் பிறகும்கூடப் பார்வை மாறவில்லை. முடியைச் செம்பட்டையாக்கிய இளைஞர்கள் முரட்டுத்தனமாகத் தள்ளினார்கள், கூரையில் ஏறி ரகளை செய்தார்கள் என்றுதான் முதலில் பேச்சு அடிபட்டது. அது பொய் என்று பின்னால் தெரிந்தது. தேடிய ஆள் கிடைக்காதபோதும் கிடைத்ததாக ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் இது புதுப் பாடம் அல்ல. டோக்கியோ அரண்மனை முன்திடலில் 1952 மே தினத்தன்று ஆர்ப்பாட்டக்காரர்களும் போலீஸும் ரத்தம் சிந்த மோதிக்கொண்டார்கள். அதே அரண்மனையின் நிஜூபாஷி பாலத்தில் 1954 ஜனவரி 2 அன்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் நெரிசலில் சிக்கி 16 பேர் செத்தார்கள். 1956 புத்தாண்டில் நீகாதாவின் யாஹிகோ கோயிலில் 124 பேர். முதலாவதற்கு வரலாற்றுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, ரத்த மே தினம் என்று. மற்ற இரண்டைக் கேட்டால் தாத்தாவுக்கே யோசிக்க வேண்டியிருந்தது. எதிரி இருந்தால்தான் நமக்கும் ஞாபகம் நிற்கும் போல.

அகாஷிக்குப் பிறகு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பல வருடம் நீதிமன்றப் படி ஏறினார்கள். அப்போதைய காவல் நிலையத் துணைத் தலைவர்மீது அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 2010-இல் குடிமக்கள் குழு ஒன்றின் முடிவால் அவர்மீது கட்டாய வழக்குப் பதிவானது. புதிய சட்டத்தின்கீழ் நாட்டிலேயே அதுதான் முதலாவது. கடைசியில் காலக்கெடு கடந்துவிட்டது என்று வழக்கு முடிந்துபோனது. ஆனால் ஜாத்தோ கெய்பி, அதாவது நெரிசல் காவல், அதற்கப்புறம் ஒரு தனி வேலையாகவே ஆகிவிட்டது. 2005-இல் தனியார் பாதுகாவலர்களுக்குக்கூட அதற்கென்று தகுதித் தேர்வு வைத்தார்கள். இரு திசைக் கூட்டத்தை ஒரே வழியில் விடாதே, நிற்க வாகான இடத்தில் நிற்க விடாதே, குறுகலான இடத்துக்கு முன்னாலேயே கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டு, முன்துண்டு கடந்து முடிக்கும்வரை பின்துண்டைப் பிடித்து வை. இவற்றைப் படித்துக்கொண்டு வந்தபோதுதான் அந்த விசிறி எனக்கு ஞாபகம் வந்தது. காலிப் பாலத்தின் நடுவில் கிடந்த காகித விசிறி. பாலம் காலியாகக் கிடந்தும் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று கத்தியிருந்தேன். அவர்கள் காவல் காத்ததே அந்தக் காலியைத்தான்.

ஆனாலும்

இதைப் படித்ததும் எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று சொன்னால் பொய். 2016-இல் ஒகினாவாவின் தகாஏ காட்டில் அமெரிக்க ஹெலிகாப்டர் தளங்கள் கட்டுவதை எதிர்த்து உட்கார்ந்தவர்களை அப்புறப்படுத்த, டோக்கியோ, ஒசாகா உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து சுமார் 500 கிடோத்தாய்க்காரர்களை இறக்கினார்கள். அதில் ஒசாகாவிலிருந்து போன ஓர் இளம் போலீஸ்காரர் போராடியவர்களைப் பார்த்து தோஜின் என்று திட்டியது காணொளியில் பதிவானது. காட்டுமிராண்டி என்கிற தொனியில் வரும் வசை அது. ஐச்சி மாகாணத்திலிருந்து ஆள் அனுப்பிய விதமே சட்டத்துக்குப் புறம்பானது என்று 2021-இல் நகோயா உயர் நீதிமன்றம் சொன்னது. என் மகளுக்காகக் குனிந்து மன்னிப்புக் கேட்ட பையனின் வயதுதான் அந்தத் திட்டியவருக்கும். அதே பயிற்சிக் கூடம், அதே விடுதிச் சாப்பாடு, அதே ஜூடோ.

சப்போரோவிலும் ஒன்று நடந்தது. அது கிடோத்தாய் விவகாரம் அல்ல, ஆனால் எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. 2019 தேர்தல் நேரத்தில் பிரதமர் அபே தெருவில் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்ப்புக் குரல் கொடுத்த ஒருவரையும், வரி உயர்வை எதிர்த்துக் கத்திய ஒரு பெண்ணையும் ஹொக்கைடோ போலீஸ் அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தியது. லத்தி இல்லை, அடி இல்லை. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். 2022-இல் மாவட்ட நீதிமன்றம் இருவருக்கும் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மறு வருடம் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதை உறுதி செய்தது. அகாஷியில் கற்றுக்கொண்ட மென்மையான கை இங்கேயும் வேலை செய்திருக்கிறது. கூட்டத்தைத் துண்டாக வெட்டத் தெரிந்தவர்களுக்குக் கூட்டத்திலிருந்து ஒருத்தியை வெட்டி எடுக்கவும் தெரிகிறது. கயிறு பிடிக்கும் கை எப்போது காக்கிறது, எப்போது அப்புறப்படுத்துகிறது என்று எனக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியுமா? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் கோபே போயிருந்தபோது அசாகிரியில் இறங்கி அந்தப் பாலத்தில் நடந்தேன். நினைவுச் சிலை இருக்கிறது. எதிரே அகாஷி நீரிணைத் தொங்குபாலம் பிரம்மாண்டமாகத் தெரிகிறது. நடைபாலத்தில் என்னோடு நாய் கூட்டிவந்த ஒரு அம்மாள் மட்டும். சாதாரணமாக நடந்தால் ஒன்றரை நிமிடம் ஆகிறது. திரும்பியும் ஒரு முறை நடந்தேன்.

இந்தக் கோடையில் மறுபடி அதே வாணவேடிக்கைக்குப் போனோம். கிளம்பும் முன்பே கழிவறைக்குப் போய்வந்துவிட்டோம், மனைவியின் கட்டளை. திரும்பும்போது அதே இடத்தில் கயிறு, வேறு பையன்கள். எட்டு வயது மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க யாருமே இல்லையேப்பா, ஏன் விட மாட்டேங்கிறாங்க?" என்றாள். அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, பாலத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பச் சொன்னேன்.

"எவ்ளோ பேர் இருக்காங்க?"

"தெரியல. முடியவே இல்ல."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தி வைத்திருந்தார். கை இறங்கும்வரை நாங்கள் நின்றோம்.